ரொட்டியால் அழித்தது

கரியால் போட்ட கோட்டை ரப்பரால் தேய்க்கக் கூடாது, ரொட்டியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அருப்புக்கோட்டையில் அந்தக் காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல். சோறு கொடுக்காதீர்கள், ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஒரு வீட்டுக்குள் ரொட்டி வரும். நல்ல உடம்போடு இருக்கும் ஒருவன் ரொட்டி தின்று நான் அதுவரை பார்த்ததில்லை. ஆகவே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ரொட்டிக் கடையில் நான் முதல் தடவை போய் நின்றதும் கடைக்காரர் கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை.

“வீட்ல யாருக்குத் தம்பி?”

“யாருக்கும் இல்ல அண்ணாச்சி. படம் அழிக்க.”

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “சொல்ல வேணாம்னா விடுங்க. காய்ச்சலு மனுசனுக்குத்தான வருது” என்றார்.

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் வாரம் எனக்கு அலுத்துப் போய், “அம்மாவுக்கு” என்றேன். உடனே நம்பினார். அன்று சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து இரண்டு சாத்துக்குடி வந்தது. மறுநாள் அப்பாவின் பலசரக்குக் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்து, உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவை நிலைப்படியில் நின்றபடியே பார்த்தார்.

“என்ன, புதுசாப் பாக்குறீக?”

“உனக்கு டைபாயிடாம்ல?”

அம்மாவிடம் நான் துடைப்பத்தால் கடைசியாக அடி வாங்கியது அன்றைக்குத்தான். சாத்துக்குடியை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

உள்ளதைச் சொன்னபோது நம்பாத ஒருவர் இல்லாததைச் சொன்னதும் நம்பினார். இதை அப்போதே நான் கவனித்தேன். கவனித்தது போதாதென்று நினைவிலும் வைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. பி.யூ.சி. முடித்துவிட்டு, சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர மனுப்போடுவதற்காகப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டட அறையில் டிராயிங் வகுப்பு நடக்கும். மாஸ்டர் பாலவனத்தத்திலிருந்து சைக்கிளில் வருவார். வந்ததும் மேசை மேல் ஒரு செம்பை வைப்பார். பிறகு மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பார். அதற்கு மேல் அவர் அதிகம் சிரமப்பட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் நான்கு மாதம் அந்தச் செம்பை வரைந்தோம்.

என் செம்புகள் எல்லாம் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும் போல இருந்தன. செம்பின் வாய் வட்டம் என்பதால் நான் வட்டமாகவே போட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகவா இருக்கிறது? அமுக்கிய வட்டமாக ஒடுங்கி இருக்கிறது. மாஸ்டர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தெரிஞ்சதைப் போடாதே. தெரியிறதைப் போடு.”

அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். வட்டம் என்பது எனக்குத் தெரிந்தது. ஒடுங்கியிருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது எவ்வளவு வசதி என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அருப்புக்கோட்டைக் கடைகளில் எச்.பி. பென்சில் மட்டும்தான் கிடைக்கும். நான்கு பி, ஆறு பி எல்லாம் மதுரைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். ஆறு பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அது கறுப்பாவதில்லை. ஓர் எல்லைக்குப் பிறகு ஈயம் பூசிய பாத்திரம் போல மினுங்க ஆரம்பிக்கும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிழலில் வெளிச்சம் அடிக்கும். நிழல் நிழலாக இருக்க வேண்டுமென்றால் கரிதான் வேண்டும் என்றார் மாஸ்டர். படம் வரைகிற கரிக்குச்சி பட்டணத்தில் பெட்டியில் போட்டு விற்கும். இங்கே நாமே சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வேப்பங்குச்சி சுட்டேன், கல்லாக இருந்தது, காகிதத்தைக் கீறியது. முருங்கைக் குச்சி தொட்டதும் பொடியானது. பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் குவிந்து கிடக்கும் பருத்திமார் நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது. நேரான குச்சி, கனமில்லாதது. ஆனால் வீட்டு அடுப்பில் டப்பாவில் அடைத்து வைத்துச் சுட்டால் ஒன்று அரைகுறையாக வெந்தது, இல்லாவிட்டால் சாம்பலாயிற்று. விடாமல் நிற்கிற நிதானமான சூடு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திருச்சுழி பஸ்ஸில் போனால் வழியெல்லாம் கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். விறகைக் குவித்து, மேலே சருகும் ஈரமண்ணும் போட்டு மூடி, காற்றுப் போகாமல் நாலைந்து நாள் உள்ளுக்குள்ளேயே வேகவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருத்திமார் அடைத்த பால்பவுடர் டப்பாவோடு பஸ்ஸை விட்டு இறங்கி, புகையைப் பார்த்து நடந்தேன். மூட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கு முப்பது வயது இருக்கும். இன்னொருவர் அவருடைய மாமியார். கம்பியால் கட்டிய டப்பாவை நான் நீட்டியதும் இளையவர் குலுக்கிப் பார்த்தார்.

“உள்ள என்ன தம்பி, கொலுசா?”

“பருத்திமாரு அக்கா. கரியாக்கணும். படம் போட.”

“அத்தை, இங்க கேளு. டவுனு ஆளுக அடுப்புக்கு மூட்டைக் கணக்குல கேப்பாக. இவுக ஒரு டப்பாக் கரி கேக்குறாக. யாருக்குப் பொங்கப் போறாகளோ.”

கேலி செய்தாரே தவிர டப்பாவை வாங்கி, அடுத்த மூட்டத்தில் விறகுக்கு நடுவே செருகிவிட்டார். மறு ஞாயிறு போனேன். வெள்ளைப் புகை நின்று நீலப் புகை வந்த பிறகுதான் பிரித்தார்களாம். டப்பாவைத் திறந்தேன். முப்பது நாற்பது குச்சி, ஒன்றுகூட உடையாமல், மயில் கழுத்துப் போல மினுமினுப்பாக இருந்தன. காகிதத்தில் இழுத்தால் பட்டுப் போல ஓடியது. அதன் பிறகு எத்தனையோ ஊர்க் கரியை வாங்கியிருக்கிறேன். அவ்வளவு நல்ல கரியை நான் மறுபடி தொடவில்லை.

இப்படி ஐந்தாறு டப்பா ஆயிற்று. அங்கே போய் வந்ததில் அவர்கள் விஷயமும் தெரிந்தது. அக்காவின் புருஷன் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு ஆந்திரா பக்கம் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆறு மாதம் வரைக்கும் கார்டு வந்தது. பிறகு வரவில்லை. உடன் போனவர்கள் வேறு வேறு ஊருக்குப் பிரிந்துவிட்டார்கள். இருக்கிறாரா இல்லையா என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மாமியார் அதற்குப் பதிலாக மருமகளின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டத்து வெக்கையில் குங்குமம் நிற்காது. பத்து நிமிஷத்தில் வியர்வையில் கரைந்து மூக்கில் வழியும். மாமியார் இடுப்பில் ஒரு சிறிய குங்கும டப்பா செருகியிருப்பார். எந்த வேலையில் இருந்தாலும் திடீரென்று நிமிர்ந்து, “ஏ புள்ள, நெத்தி!” என்பார். அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, முகத்தைத் துடைத்து, வைத்துக்கொண்டு போவார். ஒரு தடவை நான் சிரித்துவிட்டேன். மாமியார் கோபப்படவில்லை.

“சிரிக்காதய்யா. எம்மகன் உசுரு இவ நெத்தியிலதான் இருக்கு. அழியவிட்டா அழிஞ்சு போயிரும்.”

கரிக்கு என்ன தரவேண்டும் என்று நான் அக்காவிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார்.

“என்னைய ஒரு படம் போட்டுக் குடுங்க தம்பி, போதும்.”

“எதுக்குக்கா?”

“வீட்ல மாட்டத்தான். இந்த வெக்கையில பொட்டு நிக்க மாட்டேங்குது. அத்தை பாடாப் படுத்துது. படத்துல இருந்தா வேர்க்காதுல்ல?”

“வேர்க்காது.”

“அழியாதுல்ல?”

“அழியாதுக்கா.”

மூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “உசுரோட இருக்கவளப் படம் போட்டு மாட்டுவாகளா? அடுத்து மாலை போடச் சொல்லுவ.”

“மாலை போட்டாத்தான் அத்தை செத்தவ. பொட்டோட இருந்தாக் கலியாணப் பொண்ணு” என்றார் அக்கா. பிறகு என்னிடம், “பொட்டு நல்லாத் தெரியணும் தம்பி” என்றார்.

“தெரியும்க்கா” என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா குடத்துத் தண்ணீரில் முகம் கழுவி, மாமியார் டப்பாவிலிருந்து எடுத்துப் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு கருவேல மரத்தடியில் உட்காருவார். அசையாமல் இருங்கள் என்றால் இருக்க மாட்டார். “நான் அந்தப் பக்கம் பாக்காட்டி மூட்டம் தீப்பிடிச்சா யாரு சொல்லுவா, உங்க பென்சிலா?” என்பார். ஆகவே படத்தில் அவர் பார்வை என் பக்கம் இல்லை. சற்றுத் தள்ளி, புகையின் மேல் இருக்கிறது. எனக்கு அது பாதகமாகப் படவில்லை. பென்சிலால் லேசாக அளவு குறித்துக்கொண்டு, அவர்கள் சுட்ட கரியாலேயே நிழல்களைப் போட்டேன். கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில், கழுத்துக்குக் கீழே. என் கை அதுவரை அப்படி வேலை செய்ததில்லை.

பொட்டையும் போட்டேன். இதைத் தெளிவாகவே எழுதுகிறேன். பொட்டு இருந்தது, நான் பார்த்தேன், போட்டேன்.

கரியில் சிவப்பு கிடையாது. சிவப்பும் கறுப்புத்தான். உச்சி வெயில் விழுகிற நெற்றியில், படத்திலேயே அதிக வெளிச்சமான இடத்தில், நட்டநடுவில் ஒரு கறுப்பு வட்டம். வீட்டுக்குக் கொண்டுவந்து தள்ளி வைத்துப் பார்த்தேன். மாஸ்டர் சொன்னபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கினால் விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். எனக்கு மிஞ்சியது பொட்டு மட்டும்தான். சுட்ட ஓட்டை மாதிரி இருந்தது. முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது.

நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம், அப்பாவின் கடை மாடியில், உப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து உருட்டி, ஒற்றி எடுத்தேன். இரண்டு மூன்று ஒற்றலில் போய்விட்டது. சுத்தமாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். நெற்றி எழுந்து வந்தது. மூக்கும் கண்ணும் அதற்குத் தக்கபடி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. படம் என்றால் என்ன என்று எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவுக்கு வேறொரு படம் பொட்டோடு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. கேட்டபோது, “இன்னும் முடியலக்கா” என்றேன்.

மாஸ்டருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது. வகுப்பறைச் சுவரில் குத்தி வைத்தார். சென்னைக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பையன் சொந்தமா எதையும் சேர்க்கலை, கழிக்கலை. பார்த்ததைப் பார்த்தபடி வச்சிருக்கான். அந்த நெற்றி ஒண்ணே போதும்” என்றார். என் மனுவோடு சேர்த்து அனுப்ப ஒரு கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். மாஸ்டர் காகிதம் தேடினார். நான் பேனாவுக்கு மை ஊற்றினேன்.

அந்தச் சமயத்தில் வாசலில் அவர்கள் வந்து நின்றார்கள். இஸ்திரிக் கடைகளுக்குக் கரி லோடு இறக்க வண்டியில் டவுனுக்கு வந்தவர்களிடம் யாரோ, உங்கள் மருமகள் படம் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார்கள். இருவர் கையிலும் முழங்கை வரை கரி. மாஸ்டர் சந்தோஷமாகவே, “வாங்க வாங்க. படத்துல இருக்கவுகளே வந்துட்டாக” என்றார்.

அக்கா படத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு வலது கையைத் தூக்கி, தன் நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

மாமியார் பக்கத்தில் போய்ப் பார்த்தார். படத்தைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் கேட்டார்.

“ஏய்யா, நெத்தி வெறுமையா இருக்கே. நீ விட்டுட்டியா? இல்ல, இவ அழிச்சிட்டு வந்து உக்காந்தாளா?”

நல்ல கேள்வி. இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். நான் அழித்தேன் ஆத்தா என்று மூன்று சொல். மேசைக்கு முன்னால் அந்தச் சென்னைக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவலாக என்னைப் பார்த்தார். பார்த்ததைப் பார்த்தபடி வைத்திருக்கிறான் என்று எழுதத்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சதைத்தான் போட்டேன் ஆத்தா” என்றேன்.

மாஸ்டர் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். “இல்லாததை அவன் போட மாட்டான்மா. அதுதான் எங்க பாடமே.”

மாமியார் தலையை ஆட்டினார். மருமகளைப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். “மூக்கு அப்படியே என் மூக்கு மாதிரி இருக்கு தம்பி” என்றார். அறையில் இருந்த பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாமியார் பின்னாலேயே போய்விட்டார். வண்டிமாட்டுச் சலங்கை சத்தம் கேட்டது. சென்னைக்காரர் எழுத ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு நான் டப்பாவோடு போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் விளங்கவில்லை. கரி தீர்ந்துவிட்டது என்பதற்காகத்தான் இருக்கும். மூட்டத்தில் மாமியார் மட்டும் இருந்தார்.

“அக்கா எங்க ஆத்தா?”

“அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. நரிக்குடிப் பக்கம்.”

“எப்ப வருவாக?”

“எதுக்கு வரணும்? எம்மகனை நெத்தியிலிருந்து தொடச்சுப்போட்டு, வேத்து ஆம்பளை முன்னால உக்காந்தவ. வச்சேன் வச்சேங்குறா. படத்துல இல்லையே.”

டப்பாவை வாங்கி மூட்டத்தில் வைத்தார். அதற்கு அடுத்த வாரம் திறந்து பார்த்தபோது பாதிக் குச்சி வேகாமல் மரமாகவே இருந்தது. மாமியார் இடுப்பில் அந்தக் குங்கும டப்பா மட்டும் செருகியபடியே இருந்தது. வைப்பதற்கு நெற்றி இல்லை. நான் பஸ் ஏறினேன்.

எனக்குச் சென்னையில் இடம் கிடைத்தது.

மூன்றாம் வருஷம் லீவில் வந்திருந்தபோது, திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஊன்றுகோலோடு ஒருவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்கதான படம் போடுறவுக? எங்க ஆத்தா அடையாளம் சொல்லுச்சு, ஜிப்பாப் போட்டு முடி வளத்திருப்பாகன்னு.”

அக்காவின் புருஷன். கிணற்றில் வெடி வைத்தபோது பாறை சரிந்து தொடை எலும்பு நொறுங்கி, அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கார்டு எழுதித் தரத் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நடக்க முடிந்த பிறகு வந்திருக்கிறார். உயிரோடுதான் இருந்தார். டீ குடிக்கலாமா என்று என்னைத்தான் கேட்டார்.

“ஒரு உபகாரம் செய்யணும் தம்பி. நான் போயி அவளக் கூப்புட்டேன். அத்தை வந்து கூப்புட்டா வாரேன்குறா. ஆத்தா, அவ அழிச்சது அழிச்சதுதான், கூப்புட மாட்டேன்குது. நீ உசுரோட வந்தது உன் குலசாமி புண்ணியம், அவ வச்ச பொட்டால இல்லங்குது. ஒருத்தி வச்சேங்குறா, ஒருத்தி இல்லேங்குறா. நான் ரெண்டு பேரையும் நம்பியாகணும். அந்தப் படத்தை ஒருக்காப் பாத்தாத் தெரிஞ்சுபோயிரும்ல?”

“படம் மெட்ராஸ்ல இருக்கு” என்றேன். படம் வீட்டில் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

“அடுத்த தடவை கொண்டாங்க” என்றார். டீக்கு நான் காசு எடுக்குமுன் அவரே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து படத்தை எடுத்தேன். பொட்டைத் திரும்பப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு சின்ன வட்டம். போட்டுக் காட்டிவிட்டால் அவருக்கும் தெரிந்துபோகும், நானும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கரிக்குச்சியை வைத்து அழுத்தினேன். பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. ஊதினால் பறந்துவிட்டது. ஆறு பி பென்சிலால் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மினுங்கியது. குங்குமமாகத் தெரியவில்லை, காயம்பட்ட தழும்பு போலத் தெரிந்தது. துடைத்துவிட்டேன். அப்புறம்தான் காரணம் தெரிந்தது. படம் அழிக்கிற ரொட்டி வெறும் மாவும் தண்ணீருமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் ரொட்டியில் காய்ச்சல்காரர் வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று வனஸ்பதி சேர்ப்பார்கள். நான் வேறு சுத்தமாக இருக்கட்டும் என்று தேய்த்திருந்தேன். அந்த இடத்தில் காகிதம் நெய்யைக் குடித்துவிட்டது. அதன் மேல் இனி ஒன்றும் நிற்காது.

அந்த லீவில் நான் திருச்சுழிப் பக்கமே போகவில்லை.

அடுத்த வருஷம் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. கல்லூரியில் ஓர் ஆசிரியர் அந்த நெற்றியைப் பார்த்து, “இவ்வளவு நேர்மையான வெளிச்சம்” என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூட்டத்தில் மாமியார் மட்டும்தான். மகன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியோடு நரிக்குடிப் பக்கம் போய், இரண்டு ஆடு வாங்கி அங்கேயே இருந்துவிட்டார். வந்த மகனையும் சேர்த்து அவர் இழந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“ஆத்தா, அன்னைக்கு அக்கா நெத்தியில பொட்டு இருந்துச்சு. படத்துலயும் போட்டேன். அப்புறம் நான்தான் அழிச்சேன்.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏன்யா அழிச்ச?”

“வெளிச்சம் நல்லா வரும்னு.”

“வெளிச்சம்.” மண்வெட்டியைக் கீழே போட்டார். “என்னத்த வச்சு அழிச்ச?”

“ரொட்டிய வச்சு.”

“ரொட்டிய வச்சா?”

“ஆமா ஆத்தா. கரியில போட்டதை ரொட்டிய வச்சுத்தான் அழிக்கணும்.”

அவர் கிட்டே வந்தார். கரிக் கையின் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சலு இல்லையே” என்றார்.

“நெசந்தான் ஆத்தா.”

“அவ சொல்லிவிட்டாளா?”

“இல்ல. நானாத்தான் வந்தேன்.”

“பொய் சொல்லணும்னா கொஞ்சம் பொருத்தமாச் சொல்லுய்யா. ரப்பருன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன். அன்னைக்கு உங்க வாத்தியாரு முன்னால நெசத்தைச் சொன்ன. இன்னைக்கு என்னமோ பாவம் பாத்து அவளுக்காகப் பேசுற. நல்ல புள்ளதான் நீ. போ, வெயிலு ஏறுது.”

ரொட்டி கொண்டுவந்து கண்முன்னால் அழித்துக் காட்டுகிறேன் என்றேன். “கொண்டா பாப்போம்” என்றார். திருச்சுழியில் இறங்கித் தேடினேன். டீக்கடையில், தொட்டால் நொறுங்குகிற காய்ந்த பொறை மட்டும்தான் இருந்தது. பொறையை வைத்து எதையும் அழிக்க முடியாது. அருப்புக்கோட்டைக்கு வந்தேன். ரொட்டிக் கடை திறந்துதான் இருந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. லீவு முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. மழையும் இல்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. ஒரு ரொட்டியும் ஒரு பஸ் டிக்கெட்டும்தான் வேண்டியிருந்தது. அவர் நம்பியிருந்தால் நரிக்குடிக்குப் போய் மருமகளைக் கூப்பிட்டிருப்பார். “கொண்டா பாப்போம்” என்றவர் பாதி நம்பத் தயாராகத்தான் இருந்தார். அதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நாலைந்து வருஷம் கழித்து மாமியார் தனியாகவே இறந்தார். துஷ்டிக்கு அக்கா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்றதாகவும், ஊரே அதைப் பார்த்ததாகவும் அப்பாவின் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் அக்காவைப் போய்ப் பார்க்கவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடிக்குப் பஸ் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவர் இல்லை.

படத்தைப் பிற்பாடு கண்ணாடி போட்டு மாட்டினேன். அவர் கேட்டது வீட்டில் மாட்டத்தான். அவர் வீட்டில் மாட்டவில்லை, என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். பத்துப் பதினைந்து வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெற்றியின் நடுவில் லேசாக மஞ்சள் தட்டியது. காகிதம் குடித்த எண்ணெய் நாளாக நாளாக நிறம் மாறும். இப்போது நல்ல பழுப்பு. வட்டமாக, வைக்க வேண்டிய இடத்தில், வைக்க வேண்டிய அளவில் இருக்கிறது. நேர்மையான வெளிச்சம் என்று யாரும் இப்போது சொல்வதில்லை.

போன மாதம் பென்ஷன் விஷயமாக வந்த ஒருவர் காப்பி குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். “பொட்டு நல்லாத் தெரியுது சார், அதுதான் முகத்துக்கே களை” என்றார். அது பொட்டு இல்லை, பொட்டை நான் ரொட்டியால் அழித்த இடம் என்றேன்.

அவர் நம்பவில்லை.